சொல்லிவிட்டுத் தொடும் மிஸ்ஸி

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் மூன்றாவது வரியில் அது மாதாமாதம் எழுதப்பட்டது. ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. தாதியை மலாய்க்காரர்கள் மிஸ்ஸி என்பார்கள். சீனர்களும் தமிழர்களும் அதையே சொன்னோம். எங்கள் ஊரில் பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி ஒருவர்தான் என்பதால் குழப்பம் வந்ததில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஊர் ஜொகூரில், ரயில் நிற்கும், ஆனால் அதிக நேரம் நிற்காத ஓர் இடம். சுற்றிலும் ரப்பர். சிம்பாங் ரெங்கம் போகும் சாலையில் மருத்துவமனை, அதன் பின்னால் அரசாங்க ஊழியர்களுக்கு ஆறு பலகை வீடுகள். ஐந்தாவது அவருடையது, ஆறாவது என்னுடையது. நான் சுகாதார ஆபீசில் கிராணி, அதாவது எழுத்தர். கிணறு, கசாப்புக் கொட்டகை, கழிவறை வாளி, நாய் உரிமம் நான்கும் என் மேசைக்கு வரும். முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. அரசாங்கம் என் கையெழுத்தின் அழகால்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

மிஸ்ஸிக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். தனியாக இருந்தார். ஏன் என்று கேட்க நினைத்தவர்களிடம், "அதைக் கேப்பீங்க, நான் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டதால் யாரும் கேட்கவில்லை.

எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். எந்த உயிரையும் முதலில் சொல்லாமல் அவர் கை தொட்டதில்லை. இரண்டாவது விஷயம் முதலாவதன் கிளை: வலிக்காது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

என் மனைவியின் முதல் பிரசவத்தில்தான் இதை நான் அறிந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் உள்ளே நின்று, "ஒண்ணும் இல்லம்மா, இதோ முடிஞ்சிடும், வலிக்காது" என்று மாலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸி வந்தார். பலகைச் சுவர் என்பதால் எல்லாம் கேட்டது.

"இங்க பாரும்மா. இப்ப வயித்துல கை வைக்கப் போறேன். கை சில்லுன்னு இருக்கும். அப்புறம் வலிக்கும். இதுவரைக்கும் வலிச்சதெல்லாம் சும்மா."

வெளியே நின்ற நான், இந்த அம்மாள்மீது டாக்டருக்கு ஒரு புகார் எழுதுவது என்று முடிவு செய்து, முதல் பத்தியை மனத்துக்குள் எழுதியும் முடித்தேன். இரண்டாவது பத்திக்கு வருவதற்குள் குழந்தை அழுதது.

மூன்று நாள் கழித்து என் மனைவி சொன்னாள்: "அத்தனை பேர்ல அந்தம்மா ஒருத்திதான் என்கிட்ட பொய் சொல்லல." புகாரைக் கைவிட்டேன். நான் பாதியில் விட்ட ஒரே வரைவு அதுதான்.

சொல்வதற்கும் தொடுவதற்கும் நடுவில் அவர் ஓர் இடைவெளி விடுவார். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும் நேரம். ஊசி போடும்போதும், தையல் பிரிக்கும்போதும், சட்டப்படி ஒரு குழந்தையின் தோளில் அம்மைப்பால் குத்தும்போதும் அந்த இடைவெளி மாறியதில்லை. அந்த நேரத்தில் சிலர் பல்லைக் கடிப்பார்கள், சிலர் கும்பிடுவார்கள், ஒரு கங்காணி எழுந்து ஓடிவிட்டான். மிஸ்ஸி அவனைத் துரத்தவில்லை. "நாளைக்கு வருவான். நாளைக்கும் வலிக்கும்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரராக அவர் சுகமானவர் அல்ல. படலைத் திறக்குமுன் அங்கேயே நின்று அறிவிப்பார்: "கிராணி, உள்ள வரேன். ரெண்டு விஷயம் இருக்கு. ரெண்டாவது உங்களுக்குப் பிடிக்காது." இதற்குப் பிறகு முதல் விஷயத்தை யாரால் கேட்க முடியும்? இரண்டாவது விஷயம் எப்போதும் என் வீட்டுச் சாக்கடையாகவே இருந்தது. சுகாதார ஆபீஸ் கிராணியின் சாக்கடை.

ஒருமுறை பிரசவ அறைக்கு வெந்நீர் போட மூன்று நாளாக விறகு வரவில்லை. டாக்டரிடம் போய், "ஐயா, நாளைக்குக் காலைல ஜொகூர் பாரு தலைமை ஆபீசுக்கு எழுதப் போறேன். உங்க பேரும் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று மாலையே இரண்டு மாட்டு வண்டி விறகு வந்து இறங்கியது. மறுநாள் காலை மிஸ்ஸி என்னிடம் வந்து கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்.

"விறகுதான் வந்திடுச்சே, மிஸ்ஸி."

"எழுதப் போறேன்னு சொல்லிட்டேனே. விறகு வந்திடுச்சுன்னு எழுதுங்க."

எழுதினேன். ஜொகூர் பாருவில் அந்தக் கடிதத்தை எந்தக் கோப்பில் வைத்திருப்பார்கள் என்று இன்றும் நான் யோசிப்பதுண்டு.

பஞ்சு அவரிடம் வந்ததும் தொழில் வழியில்தான். ஒரு தோட்டத்து மேனேஜர் பங்களாவிலிருந்து அவசரமாகக் கார் அனுப்பியிருந்தார்கள். பிரசவம் என்று மட்டும் சொன்னார்களே தவிர, யாருக்கு என்று சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் மேனேஜர் துரையின் டெரியர் நாய். அதற்காக மிஸ்ஸி திரும்பி வந்துவிடவில்லை. நாயின் முன்னால் உட்கார்ந்து, "கை வைக்கப் போறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாராம். நான்கு குட்டிகள். நான்கிலும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து நாயின் சாயல் தெளிவாக இருந்ததால், துரை அவற்றை வாளித் தண்ணீரில் போடச் சொன்னார். மிஸ்ஸி, "ஒண்ணை நான் எடுத்திட்டுப் போறேன்" என்று தெரிவித்து, ஒரு மூச்சு நேரம் நின்று, எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மற்ற மூன்றைப் பற்றி நான் கேட்டேன். "மூணுக்கும் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

பஞ்சு என்று பெயர் வைத்த அந்தக் குட்டி வளர்ந்து முழங்காலுக்குக் கீழே நின்றுகொண்டது. உடம்பு டெரியர், காது லயம், முடி யாருடையது என்று தெரியாது. பழுப்பு நிறத்தில் தரைவரை தொங்கும் அடர்ந்த முடி. வால் தென்னம்பாளை விரிந்தது போலிருக்கும். இந்த மழைக்கும் புழுக்கத்துக்கும் அப்படி ஒரு முடியை வைத்துக்கொண்டு வாழ ஒரு நாய்க்குத் தனி இலாகா வேண்டும். மிஸ்ஸி அதை நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, கிணற்றடி. கவிழ்த்துப் போட்ட தகர வாளிமேல் பழைய சாக்கு. பக்கத்தில் பேன்சீப்பு, கொதிநீரில் போட்டெடுத்த மழுங்கல் முனைக் கத்தரிக்கோல், பால் டின்னில் மண்ணெண்ணெய், வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், கார்பாலிக் சோப், பஞ்சு உருண்டைகள். என் வேலியிலிருந்து எல்லாம் தெரியும். நடைமுறை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அரசாங்கத்தில் முப்பது வருடம் இருந்தும் அவ்வளவு ஒழுங்கான ஒரு நடைமுறையை நான் பார்த்ததில்லை.

முதலில் உலர்ந்த முடியைச் சீவ வேண்டும். நனைத்தால் சிக்கு இறுகிவிடும். பிறகு கடவுளே வந்தாலும் பிரியாது. சிக்கை வேரில் விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே வர வேண்டும். பிறகு உண்ணி. தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுத்து, மண்ணெண்ணெயில் போட வேண்டும். காதுக்குப் பின்னால், கால்விரல் இடுக்கில், வாலடியில் என்று வரிசை மாறாது. அப்புறம் காதில் பஞ்சு அடைத்துவிட்டுத் தண்ணீர், காலிலிருந்து மேலே, தலை கடைசியில். கண்ணைத் துடைக்கக் கண்ணுக்கு ஓர் உருண்டை, உள்மூலையிலிருந்து வெளியே. பிறந்த குழந்தைக்கும் அப்படித்தான் செய்தார்.

இத்தனைக்கும் வாய் ஓயாது.

"பஞ்சு, இடது காது. வலிக்காம இருக்காது, ஆனா கூச்சம்தான் ஜாஸ்தி... சரி. இப்ப தொடைல உண்ணி. மூணு இருக்கு. மூணாவதுதான் பெரிய ஆளு... சரி. பின்கால் நகம். ஒட்ட வெட்ட மாட்டேன். சத்தம் கேக்கும்."

ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்த மூச்சு. பஞ்சு, தன் மனு எப்போது கூப்பிடப்படும் என்று தெரிந்த மனுதாரரைப் போல, சொன்ன காலைத் தூக்கி, சொன்ன காதைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ஓடியதில்லை, கடித்ததில்லை. பிரியமாக இருந்ததா என்றால், அது வேறு துறை.

ஒரு வருடம் ஊரில் வெறிநாய் பயம் வந்தது. கால்நடை அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் உத்தரவு போட்டார். உரிமம் பெற்ற நாய்களைக் குறித்த நாளில் சந்தைத் திடலுக்குக் கழுத்தில் உரிம வில்லையோடும் வாய்ப்பூட்டோடும் கொண்டுவர வேண்டும். வில்லை இல்லாதவையும், பதிவேட்டில் உள்ள அடையாளத்தோடு பொருந்தாதவையும் அங்கேயே சுடப்படும். செத்த நாயின் வில்லையைப் புது நாய்க்கு மாட்டும் வழக்கம் ஊரில் இருந்ததால் இரண்டாவது பிரிவு தேவைப்பட்டது. மலாய் நோட்டீஸை ஒருவர் எழுதினார், சீன நோட்டீஸை ஒருவர் எழுதினார். தமிழ் நோட்டீஸ் என்னிடம் வந்தது.

ஆங்கிலத்தில் அது ஐந்து வரி. தமிழில் பெயர்த்துப் பார்த்தபோது மொட்டையாகத் தெரிந்தது. என் மொழிக்கு இது அழகல்ல என்று தோன்றியது. ஆறாவதாக ஒரு வரியை நானே சேர்த்தேன்: "நாய்கள் நன்கு குளிப்பாட்டப்பட்டு, உண்ணி, அழுக்கு, சடை முதலியன இன்றி, அரசாங்க அதிகாரிகளின் முன்னிலைக்கு ஏற்ற தோற்றத்துடன் கொண்டுவரப்படுதல் வேண்டும்." படித்துப் பார்த்தேன். முழு நோட்டீஸிலும் அதுதான் சிறந்த வரி.

மழை மாதம் அது. பஞ்சுவின் வயிற்றிலும் தொடையிலும் முடி கம்பளம்போல் இறுகிச் சடையாகியிருந்தது. திடலுக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு மிஸ்ஸி வேலிக்கு வந்தார்.

"கிராணி, ஒண்ணு கேக்கப் போறேன். சடை இல்லாம கொண்டாரச் சொல்லி நோட்டீஸ்ல இருக்கு. இது சீப்புக்கு வராது. முழுக்க வெட்டிடலாமா?"

என் வரியை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார் என்ற மகிழ்ச்சியில் நான் இருந்தேன்.

"நோட்டீஸ் என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க, மிஸ்ஸி" என்றேன்.

வெட்டினார். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு கத்தரிப்புக்கும் முன்னால் சொன்னார். கடைசியில் சாக்கின்மேல் ஒரு நாயளவு முடிக்குவியலும், அதன் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு நாயும் இருந்தன. இளஞ்சிவப்புத் தோல், முதுகில் யாரும் கண்டிராத கறுப்புத் திட்டுகள், எலிவால். பதிவேட்டில் பஞ்சுவின் அடையாளத்தை எழுதியவன் நான். வேலியில் சாய்ந்து நின்று, "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்றும் சொன்னேன்.

குறித்த நாளில் திடலில் ஓர் அதிசயம் நடந்தது. சீனர்களின் நாய்கள் தோட்டச் சேற்றோடு வந்தன. தமிழர்களின் நாய்கள் தலைவாரி வந்தன. எண்ணெய் தடவியவை, பவுடர் போட்டவை, நெற்றியில் குங்குமம் வைத்தவை. ரயில்வே கூலி ஒருவர் தன் நாய்க்கு விபூதி பூசியிருந்தார். மலாய்க்காரப் போலீஸ்காரர் நியாயமான தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னய்யா, நாய்க்குக் கல்யாணமா?" என்று யாரோ கேட்க, விபூதி நாயின் சொந்தக்காரர், "கவர்மென்ட் சொல்லுதுய்யா. மாட்டேன்னா சுட்டுப்புடுவான்" என்றார்.

கால்நடை அதிகாரி துரை மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று பதிவேட்டைப் புரட்டினேன். மேசைக்குப் பின்னால் இருபதடி தள்ளி ஒரு நீளக் கயிற்றில், வில்லையில்லாமல் பிடிபட்ட நாய்கள் கட்டப்பட்டிருந்தன. அதற்கப்பால் புதிதாக வெட்டிய குழி. துப்பாக்கிக்காரர் ஒரு மரத்தடியில் புகைத்துக்கொண்டிருந்தார்.

மிஸ்ஸியின் முறை வந்தது. துரை படித்தார்: "பெயர் பஞ்சு. என்ன அர்த்தம்?"

"பருத்தி, ஐயா" என்றேன்.

துரை கீழே பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். "பழுப்பு. நீள முடி. அடர்ந்த வால்." மறுபடி கீழே பார்த்தார். "இது வேறு நாய். வில்லையைக் கழற்று. கயிற்றில் கட்டு."

"சாயா குந்திங், துவான்" என்றார் மிஸ்ஸி. நான்தான் வெட்டினேன் என்று மலாயில்.

"எல்லோரும் ஏதாவது ஒன்று சொல்வார்கள்" என்றார் துரை.

மிஸ்ஸி நாயின் பக்கம் குனிந்தார். "பஞ்சு, வலது காது." பஞ்சு வலது காதைத் திருப்பியது. "பின்கால்." பின்கால் வந்தது. மிஸ்ஸி தொடவில்லை, சொன்னதோடு சரி. திடலே பார்த்தது. துரையும் பார்த்தார். "நல்ல பயிற்சி" என்றார். "நீள முடி எங்கே?" கயிற்றுக்காரன் வந்து பஞ்சுவின் கழுத்துப் பட்டையைப் பிடித்தான். மிஸ்ஸி கயிற்றின் மறுமுனையை விடவில்லை.

"முடியை வெட்டச் சொன்னது யார்?" துரை கேட்டார்.

"நோட்டீஸ்" என்றார் மிஸ்ஸி.

"நோட்டீஸில் அப்படி எதுவும் இல்லை."

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கிராணி, அதை எழுதினது நீங்கன்னு இப்ப துரைகிட்ட சொல்லப் போறேன். வலிக்கும்."

பிறகு நிறுத்தினார். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும் நேரம்.

அதற்குள் நான் பேசிவிட்டேன். தைரியத்தால் அல்ல. எப்படியும் போய்ச் சேரப்போகிற செய்தி மேலதிகாரிக்குச் சம்பந்தப்பட்டவரிடமிருந்தே முதலில் போக வேண்டும் என்பது நடைமுறை. "ஐயா, தமிழ் நோட்டீஸில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது" என்றேன்.

துரை கம்பத்தில் ஒட்டியிருந்த தமிழ் நோட்டீஸைக் கிழித்துவரச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் என்னை மொழிபெயர்க்க வைத்தார். என் அழகான வரி ஆங்கிலத்தில் சற்று மோசமாகவே ஒலித்தது. "அதிகாரிகளின் முன்னிலைக்கு ஏற்ற தோற்றத்துடன்" என்ற இடத்தில் அவர் தலையைத் தூக்கி, பவுடர் நாய்களையும் குங்கும நாய்களையும் கடைசியாக விபூதி நாயையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காலையிலிருந்து அவர் மனத்தில் இருந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தது தெரிந்தது.

"பதிவேட்டைத் திருத்து" என்றார். மண்டியிட்டு உட்கார்ந்து, பஞ்சுவை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்து, திட்டுத் திட்டாக எழுதினேன். துரை பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். என் வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்தக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. வலித்தது.

கயிற்றுக்காரன் பட்டையை விட்டான். மிஸ்ஸி வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் பஞ்சுவின் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"பிடிங்க. எனக்கு அங்க கொஞ்சம் வேலை இருக்கு."

பரிசோதனை முடிந்திருந்தது. கூட்டம் தன் நாய்களோடு கலைந்துகொண்டிருந்தது. துப்பாக்கிக்காரர் எழுந்து தோட்டாவைப் போட்டார். மிஸ்ஸி அவரைத் தாண்டிப் போய், நீளக் கயிற்றின் முதல் நாய்க்கு முன்னால், எட்டிக் கடிக்க முடியாத தூரத்தில் குந்தி உட்கார்ந்தார். அதன் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு மூச்சு நேரம் இருந்தார். எழுந்து இரண்டாவது நாயிடம் போனார்.

துரை பதிவேட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். "அந்தப் பெண் என்ன செய்கிறாள்?"

இதற்கும் மொழிபெயர்ப்பு என்னுடைய வேலை.

"அவற்றுக்கு முன்கூட்டித் தெரிவிக்கிறார், ஐயா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். துப்பாக்கிக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தி, பொறுக்கச் சொன்னார். கயிற்றில் பதினோரு நாய்கள் இருந்தன. ஏழாவது நாய் மிஸ்ஸியைப் பார்த்து விடாமல் குரைத்தது. அது குரைத்து ஓயும்வரை மிஸ்ஸி அதன் முன்னால் குந்தியபடியே காத்திருந்தார். பிறகு அதற்கும் சொன்னார்.